செத்த முகவரி

கடை ஏறியிருந்தது.

ஒரு வாரமாகப் பூட்டுக்கடையில் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. ஊரில் யாராவது போனை எடுத்து, பூட்டு மாற்ற ஆள் வேண்டும் என்று தேடினால், முன்பெல்லாம் அந்தக் கடை எங்கோ பாதாளத்தில் கிடக்கும். இப்போது முதல் பக்கத்தில் நிற்கிறது. கடையை மூடிவிட்டு எங்காவது காவலாளி வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அண்ணன், பலகைக்குப் புது பெயின்ட் அடித்தார்.

ஏற்றியவள் தங்கை. வீட்டில் அவளுக்குக் கொக்கி என்று பெயர்.

தன் வேலை என்னவென்று அவள் ஒருமுறை அண்ணனுக்குச் சொல்லிப் பார்த்தாள். இணையத்தில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் கைகாட்டினால் அது லிங்க். பெரிய மனிதர்கள் நாலு பேர் ஒரு கடையைக் கைகாட்டினால் ஊர் அந்தக் கடைக்குப் போகும். தேடித்தரும் இயந்திரமும் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. கைகாட்டும் ஆட்களைச் சேர்ப்பது அவள் வேலை.

“ஆக மொத்தம் பிச்சை எடுக்கறே” என்றார் அண்ணன்.

“கொக்கி போட்டு இழுக்கறேன்” என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஒரு பூட்டுக்கடையை எந்தப் பெரிய மனிதர் கைகாட்டுவார்? எழுதிக் கேட்டவர்கள் யாரும் பதில் போடவில்லை. அதனால் அவள் தொழிலில் பலரும் போகும் குறுக்கு வழியில் போனாள். செத்த முகவரி ஒன்றை விலைக்கு வாங்கினாள். யாரோ நடத்தி, புதுப்பிக்காமல் விட்டு, ஏலத்துக்கு வந்த இணைய முகவரி. அதன் பக்கங்கள் எப்போதோ அழிந்துவிட்டன. அதைக் கைகாட்டிய கைகள் மட்டும் நீட்டியபடியே இருந்தன. ஒரு பெரிய மருத்துவமனை, சில நூலகங்கள், ஒரு கல்லூரி. எல்லாம் கனத்த கைகள். அந்த முகவரிக்கு யார் போனாலும் அண்ணனின் கடைப் பக்கத்தில் வந்து இறங்கும்படி திருப்பிவிட்டாள்.

யார் கைகாட்டுகிறார்கள் என்று பார்த்தாள். எதற்காக என்று பார்க்கவில்லை. அவள் தொழிலில் அதை யாரும் பார்ப்பதில்லை.

இன்று காலை வெளியே போயிருந்த அண்ணன், அண்ணி, கொக்கி மூவரும் கடை திறக்கத் திரும்பி வந்தபோது, ஷட்டருக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

*

தலையைத் துணியால் மூடியிருந்தாள். பக்கத்தில் ஒரு பை. வலது கையை மடியில் வைத்து இடது கையால் மறைத்திருந்தாள்.

“என்னம்மா, சாவி தொலைஞ்சிடுச்சா?” என்றார் அண்ணன்.

“இடம் இருக்கா அண்ணே?”

“எதுக்கு?”

“தங்க.”

“இது பூட்டுக்கடைம்மா.”

“தெரியும்.” குரலைத் தாழ்த்தினாள். “வெளிய தெரியக்கூடாதுன்னு அப்படிப் போட்டிருக்கீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல.”

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பவில்லை. அவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. தானாக மூடிய கண் இல்லை.

“இங்க வரச் சொல்லி யார் சொன்னது?” என்றாள் கொக்கி.

அந்தப் பெண் இடது கையால் போனை எடுத்தாள். மருத்துவமனையின் பக்கம். வீட்டில் உங்களை அடிக்கிறார்களா, இங்கே போகலாம் என்று ஒரு வரி. அதன்கீழ் நீல எழுத்தில் ஓர் இல்லத்தின் பெயர். கட்டை விரலால் அதை அழுத்திக் காட்டினாள். திரை மாறியது. அண்ணனின் கடை, தெரு, கதவு எண், திறக்கும் நேரம். கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் அண்ணன்.

அந்த நீலப் பெயரைக் கொக்கி ஒரு மாதமாகத் தினமும் பார்த்திருக்கிறாள். ஒருமுறைகூடப் படித்ததில்லை.

“எழுந்திரு” என்றாள் அண்ணி. “உள்ள வா.”

“ஏம்மா, என்ன பண்றே நீ?”

“ஏங்க, பேச்சைக் குறைச்சு ஷட்டரைத் தூக்குங்க. தெருவே பாக்குது.”

*

கடைக்கு மேலேதான் வீடு. உள்ளே மரப்படி. அண்ணி அவளை மேலே கூட்டிப்போய் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்தாள். கொக்கி தண்ணீர் கொண்டுவந்தாள்.

சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை என்றாள் அந்தப் பெண். தையல்காரி. வீட்டுக்காரருக்கு டயர்க்கடை.

வலது கையை அண்ணி மெதுவாகத் திருப்பினாள். மூன்று விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன.

“விழுந்தியா?”

“இல்லக்கா. எந்த விரல்ல தைக்கறேன்னு கேட்டார். காட்டினேன்.”

அண்ணி ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை ஒடித்து, விரல்களுக்கு இருபுறமும் வைத்து, கிழித்த துணியால் சுற்றினாள். முடிச்சை இறுக்கியபோதும் தையல்காரி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“நர்ஸம்மா சொன்னாங்க. இதை அழுத்தினா ஒரு வீடு வரும், கேள்வி கேக்காம வச்சுக்குவாங்கன்னு. நீங்க கேக்கறீங்க. பரவாயில்ல.”

கீழே கடை போன் அடித்தது. அண்ணன் எடுத்துப் பேசும் சத்தம் படி வழியாக மேலே வந்தது. “வாங்க சார், திறந்துதான் இருக்கு. பஸ் நிலையத்துக்குப் பின்னால ரெண்டாவது சந்து... ஆமா சார், நானே இருப்பேன்.”

*

கொக்கியின் மேசை கடையின் பின்புறம், பலகைத் தடுப்புக்கு அப்பால். அண்ணன் அங்கே வந்து நின்றார்.

“நீ பண்ணினதா?”

“ஆமா.”

“தெரிஞ்சா?”

“தெரியாம.”

“அப்ப விடு. ஒரு வண்டி பிடிச்சு அந்த இல்லத்துக்கே அனுப்பிடு.”

“எங்கன்னு அனுப்ப? அது இப்ப எங்க இருக்குன்னே தெரியாது. இருக்கான்னும் தெரியாது. அண்ணே, இவ ஒருத்தி மட்டும் இல்ல. அதை அழுத்தறவங்க எல்லாரும் நம்ம வாசலுக்குத்தான் வருவாங்க. திருப்பினதை நான் எடுக்கணும்.”

“எடுத்தா?”

“கீழ போயிடுவோம்.”

“எவ்வளவு கீழ?”

“பழைய எடத்துக்கு. அதுக்கும் கீழகூடப் போகலாம்.”

அண்ணன் தடுப்புப் பலகையை விரலால் தட்டினார். “இந்த ஒரு வாரமாத்தான் கொக்கி நான் ஒழுங்கா தூங்கறேன்.”

“தெரியும்.”

“மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும். நாலு ஆள் பழகிட்டா அப்புறம் எடுத்துடு.”

“அதுக்குள்ள வர்றவங்க?”

“வழி சொல்லி அனுப்பு. ஊர்ல நடக்கற எல்லாத்துக்கும் நாமதான் பொறுப்பா?”

“இதுக்கு நான்தான் பொறுப்பு.”

அவள் உட்கார்ந்து விசைப்பலகையில் கை வைத்தாள். அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“விடு.”

“சொல்றதைக் கேளு.”

“விடு அண்ணே, வலிக்குது.”

அவர் விடவில்லை. பூட்டு உடைத்துப் பழகிய கை. எலும்பு நெரிந்தது. அவள் மறு கையால் மேசையில் கிடந்த பித்தளைப் பூட்டை எடுத்து அவர் முழங்கையில் ஓங்கிப் போட்டாள். அவர் அவள் கன்னத்தில் அறைந்தார். நாற்காலி சாய்ந்தது. அவள் விழும்போது மானிட்டரையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள்.

அந்தச் சத்தம் அடங்கியபோது மரப்படியில் யாரோ இறங்குவது கேட்டது.

தையல்காரி. தோளில் பை. பின்னால் அண்ணி.

“நான் கிளம்பறேன்க்கா.”

“ஏன்? எங்க போவே?”

அவள் கொக்கியின் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணனின் கையைப் பார்த்தாள்.

“இங்கயும் அதுதானே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டது தெரிந்ததும் நாம் சொல்வோமே, அப்படிச் சொன்னாள்.

அண்ணன் தன் கையைப் பார்த்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல நின்றார். சின்ன வயதுக்குப் பிறகு அவர் தங்கையைத் தொட்டு அடித்ததில்லை.

“படத்துல கையக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க இல்ல” என்றாள் அண்ணி. “அப்படியே கட்டி வச்சிருந்திருக்கலாம்.”

கொக்கி எழுந்து நாற்காலியை நிமிர்த்தினாள். வாயில் உப்புக் கரித்தது. உதடு கிழிந்திருந்தது.

“போகாதம்மா” என்றார் அண்ணன். “தப்புதான். நீ மேல போய் உட்காரு. இப்ப ஒரு ஆள் பூட்டு வாங்க வர்றார். அவரை அனுப்பிட்டு நானே உன்னைப் பத்திரமா ஒரு எடத்துல கொண்டுவிடறேன்.”

“எந்த ஆள்?”

“போன் பண்ணினார். வழி கேட்டார்.”

“எப்படிப் பேசினார்?”

“ரொம்ப மரியாதை. வார்த்தைக்கு வார்த்தை சார்.”

தோளிலிருந்த பை கீழே விழுந்தது.

“அவர்தான்.”

“எப்படிச் சொல்றே?”

“கோபம் வந்தா அவர் எல்லாரையும் சார்னுதான் கூப்பிடுவார்.”

“நீ இங்க இருக்கறது அவருக்கு எப்படித் தெரியும்?”

“என் போன்ல நான் எதைத் தொட்டாலும் அவர் போன்ல தெரியும். இங்க வந்த அப்புறம் மறுபடி தொட்டேனே. உங்களுக்குக் காட்டத்தான்.”

கொக்கிக்கு அந்தப் பக்கம் கண்முன் வந்தது. மேலே பெரிய எழுத்தில் போன் எண். கீழே வரைபடம். தேடுகிறவன் ஒரே அழுத்தில் வாசலுக்கு வந்துவிட வேண்டும். அதற்குத்தான் மாதக்கணக்கில் உழைத்திருந்தாள். தேடுகிறவன் யார் என்று அந்தப் பக்கம் கேட்காது.

அண்ணி போனை எடுத்துப் போலீசைக் கூப்பிட்டாள். பெயர் கேட்டார்கள். தையல்காரியின் பெயரையும் அவள் புருஷன் பெயரையும் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். வண்டி பக்கத்தில்தான் இருக்கிறது, வருகிறோம் என்றார்கள்.

“மேல போ” என்றாள் அண்ணி தையல்காரியிடம். “உள்தாழ் போட்டுக்கோ.”

அண்ணன் ஷட்டரை இறக்க ஓடினார்.

*

ஷட்டர் முக்கால்வாசி இறங்கியபோது கீழே ஓர் இரும்புக் கம்பி நுழைந்தது. டயர் கழற்றும் நெம்புகோல். அது நெம்ப, ஷட்டர் மேலே ஏறியது. ஒருவன் குனிந்து உள்ளே வந்து நிமிர்ந்தான்.

குள்ளமான ஆள். தலை வாரியிருந்தான். தேய்த்த சட்டை.

“கடை திறந்திருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க சார்?”

“இன்னைக்கு முடியாது சார். நாளைக்கு வாங்க.”

“பூட்டு வேண்டாம் சார். என் பொருள் ஒண்ணு இங்க வந்திடுச்சு. எடுத்துட்டுப் போயிடறேன்.”

“அப்படி எதுவும் இங்க வரல.”

அவன் தலையாட்டினான். புரிந்தது என்பதுபோல. பிறகு கம்பியைச் சுழற்றினான்.

கல்லாவின் கண்ணாடி நொறுங்கியது. அடுத்த வீச்சு அண்ணனின் தோளில் விழுந்தது. காய்ந்த விறகு ஒடிந்த சத்தம். அண்ணன் சாவி மாட்டும் பலகைமேல் போய்ச் சாய்ந்தார். பலகை அவரோடு வந்தது. வெட்டாத சாவிகள் நூற்றுக்கணக்கில் தரையெங்கும் கொட்டின.

அண்ணி கல்லாப் பெட்டியைத் தூக்கி அவன்மேல் எறிந்தாள். அவன் ஒதுங்கினான். முழங்கையால் அவள் வாயில் இடித்தான். அவள் சுவரோரம் உட்கார்ந்தாள்.

கொக்கி தடுப்பிலிருந்து வெளியே வந்தாள். கையில் அதே பித்தளைப் பூட்டு. அவன் காதோடு சேர்த்து அடித்தாள். தோல் பிளந்தது. தேய்த்த சட்டையின் கழுத்துப் பட்டை சிவந்தது.

அவன் கத்தவில்லை. திரும்பி அவளைப் பார்த்தான்.

“அந்தப் பக்கம் நீங்க எழுதினதா மேடம்? நல்லா இருக்கு. சட்டுனு வந்து சேர முடிஞ்சுது.”

அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தான். சாவி வெட்டும் மெஷினுக்கு இழுத்துப்போனான். சுவிட்சைத் தட்டினான். பல்சக்கரம் சுழலத் தொடங்கியது. அவள் முகத்தை அதன் பக்கம் அழுத்தினான்.

“ஒரே கேள்வி மேடம். எங்க?”

சக்கரத்தின் காற்று கன்னத்தில் பட்டது. பித்தளைத் தூள் கண்ணில் விழுந்தது. அவள் இரண்டு கைகளாலும் மெஷினின் உடம்பைப் பிடித்துத் தள்ளினாள். அண்ணன் நெரித்த மணிக்கட்டில் பலமில்லை. சொல்லக்கூடாது என்று அவள் முடிவெடுக்கவில்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சக்கரம் காதோர முடியைப் பிடித்தது. ஒரு கற்றை பிய்ந்து போனது. கருகிய வாடை வந்தது.

“இங்க இருக்கேன்.”

படியில் தையல்காரி நின்றிருந்தாள்.

“அந்தப் பொண்ண விடு. வர்றேன்.”

அவன் கொக்கியின் முடியை விட்டான். சட்டையை இழுத்துச் சரிசெய்தான். “வா” என்றான் அன்பாக.

அவள் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். சாவிகள்மேல் வெறுங்காலோடு நடந்தாள். அவன் அவளுடைய துணி சுற்றிய கையைப் பிடித்தான். பிடித்து இறுக்கினான். உள்ளே ஸ்கேல் நொறுங்குவது கேட்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் வரவில்லை.

“பாத்தீங்களா சார்” என்றான், யாரிடமென்று இல்லாமல். “சத்தமே போட மாட்டா. நல்ல மாதிரி.”

அண்ணன் தரையில் கிடந்தார். ஒரு கை வேலை செய்யவில்லை. மற்றக் கைக்குப் பணிமேசை அடியில் கிடந்த சுத்தியல் எட்டியது. அவன் கணுக்காலில் அடித்தார். போதவில்லை. முழங்காலில் அடித்தார். மறுபடி அதே இடத்தில் அடித்தார். அவன் சாய்ந்தபோது பணிமேசையின் இரும்பு விளிம்பில் நெற்றி மோதியது. கம்பி கையைவிட்டு உருண்டது.

அண்ணன் நிறுத்தவில்லை. தவழ்ந்துபோய் மறுபடி ஓங்கினார்.

“போதும்” என்றாள் அண்ணி. “ஏங்க. போதும்.”

சுத்தியல் ஓங்கிய நிலையில் நின்றது. அண்ணன் தையல்காரியைத்தான் பார்த்தார். அவள் அவரைப் பார்த்த பார்வை, சற்றுமுன் அவர் தங்கையை அறைந்த கையைப் பார்த்த அதே பார்வை. அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

அண்ணி சுவராணியில் தொங்கிய சைக்கிள் செயின் பூட்டு ஒன்றை எடுத்தாள். அவன் மணிக்கட்டைச் சுற்றி, பணிமேசையின் இரும்புக் காலைச் சுற்றி, பூட்டினாள். சாவியை உருவித் தரையில் கிடந்த சாவிகளுக்கு நடுவில் எறிந்தாள்.

“என்ன அண்ணி பண்றீங்க?”

“தேடட்டும்” என்றாள் அண்ணி. ஒரு பல் ஆடியது. அதை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

*

கொக்கி ஷட்டரை முழுக்க இறக்கினாள். மெஷினை நிறுத்தினாள். அதுவரை அது சுழன்றுகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

அவன் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். கண் பாதி திறந்திருந்தது. தையல்காரி அவனுக்கு எட்டாத தூரத்தில் நின்று அவனைப் பார்த்தாள். அவன் படுத்திருக்கும்போது இப்படி நின்று பார்த்ததே இல்லை என்பதுபோலப் பார்த்தாள்.

“கொக்கி” என்றார் அண்ணன். சுவரில் சாய்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. “எடுத்துடு.”

“கீழ போயிடுவோம் அண்ணே.”

“நான் இப்ப எங்க இருக்கேன்னு பாரு. தரையில. இதுக்குக் கீழ என்ன இருக்கு?”

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு விடவில்லை.

மானிட்டரை நிமிர்த்தி வைத்தாள். குறுக்கே ஒரு கீறல். ஆனாலும் எரிந்தது. திருப்பிவிட்டதை எடுக்க ஒரு நிமிடம் போதும். அதற்கு முன்னால் வேறு ஒன்றைத் திறந்தாள். அந்தச் செத்த முகவரி வழியாகக் கடைப் பக்கத்துக்கு வந்துபோனவர்களின் கணக்கு.

போன வாரம் அந்தக் கணக்கின் கோடு மேலே ஏறியதைப் பார்த்துத்தான் அண்ணி எல்லோருக்கும் டீ போட்டாள். முற்பகலில் நிறையப் பேர் வருகிறார்கள் என்று கொக்கியே பெருமையாகச் சொன்னாள். பூட்டு வாங்குகிறவர்கள் என்று நினைத்திருந்தாள்.

முற்பகல். வீட்டில் ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம்.

வந்தவர்கள் பக்கத்தைச் சில நொடிகள் பார்த்திருந்தார்கள். அண்ணன் சிரிக்கும் படத்தைப் பார்த்திருப்பார்கள். பிறகு போய்விட்டிருந்தார்கள். எங்கே போனார்கள் என்று அந்தக் கணக்கில் இல்லை.

ஒருத்திதான் நம்பி வந்திருக்கிறாள்.

தையல்காரி அவள் பின்னால் வந்து நின்றாள். கொக்கி திருப்பிவிட்டதை எடுத்தாள். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. அதில் தட்டச்சு செய்தாள். ‘நீங்கள் தேடும் இல்லம் இங்கே இல்லை.’

“இல்லைன்னு போடாதே” என்றாள் தையல்காரி.

“பொய் சொல்லச் சொல்றியா? அதனாலதான் நீ இங்க நிக்கறே.”

“இல்லைன்னு இருந்தா போனைக் கீழ வச்சுட்டு சமைக்கப் போயிடுவாங்க. எனக்குத் தெரியும். மறுபடி எடுக்க ஒரு வருஷம் ஆகும்.”

“வேற என்ன போடட்டும்? நீ சொல்லு.”

தையல்காரி யோசித்தாள். கீறல் விழுந்த திரையில், அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும் கோடு மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்தது.

அப்போது ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

“போலீஸ். திறங்க.”

அண்ணி எழுந்தாள். “அப்பாடா, வந்துட்டாங்க. இருங்க சார், வர்றேன்.”

தரையில் கிடந்தவன் சிரித்தான். பல்லெல்லாம் ரத்தம். “வந்துட்டான் சார்” என்றான் அண்ணனிடம். “நான் எங்கயும் தனியா போறதில்ல.”

தையல்காரி தடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“திறக்காதீங்கக்கா.”

“போலீஸ்டீ.”

“போலீஸ்தான். என் கொழுந்தனும் அவர்தான். போன தடவை பக்கத்து வீட்டக்கா கூப்பிட்டப்பவும் அவர்தான் வந்தார். அந்தக்கா இப்ப அந்தத் தெருவுலயே இல்ல.”

ஷட்டர் மறுபடி தட்டப்பட்டது. இந்த முறை உள்ளங்கையால் இல்லை.

“உள்ள ஆள் இருக்கறது தெரியும். அந்தப் பொண்ண வெளிய அனுப்புங்க. மத்தவங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.”

அண்ணி கணவனைப் பார்த்தாள். கொக்கியும் பார்த்தாள். தையல்காரி பார்க்கவில்லை. அவள் குனிந்து தன் பையை எடுத்தாள். தோளில் மாட்டிக்கொண்டு ஷட்டரை நோக்கி நடந்தாள். சாவிகள் காலடியில் நகர்ந்தன.

அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்தார். ஒடிந்த தோள் ஒரு பக்கம் தொங்கியது. அவளுக்கு முன்னால் போய் ஷட்டரில் முதுகைச் சாய்த்து நின்றார்.

அவள் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் தலையைத் திருப்பி வெளியே கேட்கும்படி கத்தினார்.

“இன்னைக்குக் கடை லீவு சார்!”

அவர் முதுகுக்குப் பின்னால், ஷட்டரின் நடுவில், முதல் இடி விழுந்தது.